ஞாபகத்தின் நியாயம்

ட்ரோன் பறக்கவிடுகிற எவரையும் இதில் எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். முப்பது, நாற்பது வயதுக்காரர்களாக இருப்பார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ கிரெடிட் கார்டில் தவணை போட்டோ வாங்கியிருப்பார்கள். பதில் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வரும். அப்பா பட்டம் செய்து கொடுத்தார். மாமா மீனம்பாக்கத்துக்கு அழைத்துப்போய் வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைக் காட்டினார். தாத்தா பனையோலையில் காற்றாடி செய்து கருவேலமுள் குத்திக் கையில் தந்தார், அதைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினேன். அன்று விழுந்த விதை இன்று முளைத்தது என்பது இந்தப் பதில்களின் தர்க்கம். பேட்டி எடுத்த வாரப் பத்திரிகை அப்பாவின் பழைய புகைப்படத்தையும் வாங்கிப் பக்கத்தில் போட்டுவிடும். வாசகர் கண்ணில் லேசாக ஈரம் கட்டும். விஷயம் முடிந்தது.

இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. அப்பா பட்டம் செய்தது நிஜம்தான். ஆனால் பட்டம் செய்து தந்த அப்பாக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் வக்கீலானார்கள், சிலர் வட்டிக்குக் கொடுத்து வாங்குகிறார்கள், பலர் மேலே பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதே பட்டம், அதே அப்பா, அதே ஆகாயம். விளைவு மட்டும் வேறு. காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அது இருக்கிற இடத்திலெல்லாம் காரியமும் இருக்கவேண்டும் என்பது தர்க்கத்தின் பால பாடம். அப்படியானால் ஒருவன் தன் செயலுக்குக் காரணமாகக் குழந்தைப்பருவத்தைச் சொல்லும்போது உண்மையில் செய்வது என்ன? விளக்கம் தருகிறானா, மன்னிப்புக் கேட்கிறானா, அல்லது ஒரு கடனை ஒப்புக்கொள்கிறானா?

வங்கியில் கடன் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. நகைக்கடனுக்கு வருகிறவர்கள் அதற்கு நேரே என்ன எழுதுவது என்று கவுண்டருக்கு உள்ளே இருக்கிறவர்களையே கேட்பார்கள். மைத்துனன் பட்ட கடனை அடைக்கப் பணம் வாங்குகிறவர் பயிர்ச்செலவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருக்கு நிலம் இருக்கிறது, பயிரும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. கட்டம் எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில் பதில் சொல்கிறார். ட்ரோன்காரரின் அப்பா நினைவும் இந்த வகையில் சேர்ந்ததுதானோ என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. நம் சமூகத்தில் வளர்ந்த ஆள் விளையாடக்கூடாது. விளையாடினால் நோக்கம் சொல்லவேண்டும். நாற்பது வயதுக்காரன் மொட்டைமாடியில் ஒரு யந்திரத்தை ஏவிவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் மனைவிக்கு, மாமனாருக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு பதில் வேண்டும். சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். அப்பா என்று சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பித்ரு காரியம் ஆகிவிடுகிறது.

தனிமனிதர்கள் மட்டும் இதைச் செய்வதில்லை. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் பாகன் இல்லாத வானவூர்தி ஒன்று வருகிறது. அதைத் தமிழனின் முதல் ட்ரோன் என்று முழங்காத மேடை குறைவு. பாட்டில் அது, புலவர் பாடும் புகழுடையவர்கள் செய்யவேண்டியதைச் செய்து முடித்தபிறகு, அதாவது செத்தபிறகு, ஏறிப்போகிற வாகனம். ஒரு இனத்தின் பால்ய ஞாபகமாக அதை ஆக்கி, இன்றைக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறோம். கட்டம் இருக்கிறது, நிரப்புகிறோம்.

ரைட் சகோதரர்களின் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே சரியாக வாசிக்கப்படாத ஒன்று. 1878இன் இலையுதிர்காலத்தில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தன் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கிவந்தார். தக்கை, மூங்கில், காகிதம். முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். பிரான்ஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் உருவாக்கிய வடிவம். பாதிரியார் அதைக் கையில் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பார்ப்பதற்குமுன் காற்றில் விட்டார். அது அறைக்குள் எழும்பிக் கூரையில் முட்டி விழுந்தது. வில்பருக்கு வயது பதினொன்று, ஆர்விலுக்கு ஏழு. ‘வௌவால்’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள். இறக்கை இல்லாமல் சுழலும் விசிறியால் மட்டுமே எழும்புவது என்கிற வகையில், ரைட் சகோதரர்கள் பின்னால் செய்த விமானத்தைவிட இன்றைய ட்ரோனுக்கு நெருங்கிய உறவு அந்தப் பொம்மைதான்.

இதை அவர்கள் எழுதியது 1908 செப்டம்பரில், ‘செஞ்சுரி’ என்ற பத்திரிகையில். பறந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அதே கட்டுரையில் அடுத்துச் சொல்லியிருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெரிய அளவில் செய்துபார்த்த வௌவால்கள் பறக்கவில்லை. சோர்ந்துபோய்ப் பட்டத்துக்குத் திரும்பினார்கள். பிறகு, இந்த வயதுப் பையன்களுக்கு இது லட்சணமில்லை என்று பட்டத்தையும் விட்டார்கள். 1896இல் ஜெர்மனியில் லிலியந்தால் கிளைடரிலிருந்து விழுந்து செத்துப்போன செய்தி வந்தபிறகுதான் பறக்கும் விஷயத்தில் மறுபடி கவனம் வைத்தார்கள். பொம்மைக்கும் இந்தச் செய்திக்கும் இடையில் பதினெட்டு வருஷம். நடுவில் அச்சகம் நடத்தினார்கள், உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார்கள், 1892இல் சைக்கிள் கடை போட்டார்கள். வௌவால் எங்கே இருந்தது? உறங்கிக்கொண்டிருந்தது என்று சொல்வது வசதியாகத்தான் இருக்கிறது. உறங்குகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி, பின்னால் அது விழித்தது என்பதைத் தவிர? விழிக்காமல் போன வௌவால்களை யார் எண்ணினார்கள்?

1899 மே 30ஆம் தேதி வில்பர் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு, பறத்தல்பற்றி அதுவரை வெளிவந்த புத்தகங்களையும் கட்டுரைகளையும் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறார். கடிதத்தின் தொடக்கத்திலேயே, சிறுவயதில் வௌவால்கள் செய்த நாளிலிருந்து தனக்கு இதில் ஈடுபாடு என்கிறார். தான் கிறுக்கன் அல்ல என்றும் அதே கடிதத்தில் சொல்லிக்கொள்கிறார். அவருடைய நிலைமையை யோசித்துப் பார்க்கவேண்டும். டேட்டன் நகரத்து சைக்கிள் கடைக்காரர். காலேஜ் பட்டம் கிடையாது. எழுதுவதோ அமெரிக்காவின் பெரிய விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு. காட்டுவதற்குக் கையில் வேறு தஸ்தாவேஜு இல்லை. குழந்தைப்பருவத்தைக் காட்டினார்.

இதே 1899இல் வியன்னாவில் ஃப்ராய்ட் ‘மறைப்பு நினைவுகள்’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் பால்ய நினைவுகள் பால்யத்திலிருந்து நேராக எழுந்து வருபவையா என்பதையே சந்தேகித்த கட்டுரை. நினைவு கிளர்ந்தெழும் பிற்கால வேளையில்தான் அது உருவம் கொள்கிறது, அந்த வேளையின் தேவைகள் அதில் புகுந்துவிடுகின்றன என்பது அவர் கட்சி. கட்டுரையில் உதாரணமாக வரும் ஒரு நோயாளியின் புல்வெளி நினைவு ஃப்ராயிடின் சொந்த நினைவுதான் என்பதைப் பிற்பாடு பெர்ன்ஃபெல்ட் கண்டுபிடித்தார். பால்ய நினைவைச் சந்தேகிக்கச் சொன்னவருக்கே தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்லத் தயக்கம் இருந்திருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த்தைப் பாடமாகப் படித்துத் தேறிய நமக்கு, குழந்தைப்பருவம் ஊற்று, மற்றதெல்லாம் அதிலிருந்து வழிவது என்ற எண்ணம் கேள்வியின்றிப் படிந்துவிட்டது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும்தான் ஓடும் என்று நம்புகிறோம். ஞாபக விஷயத்தில் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைப்பதும் நடக்கிறது.

இறைக்கும்போது யாராவது விடுபட்டுப்போகிறார்கள். ரைட் குடும்பத்தில் கை வேலை தெரிந்தவர் தாய் சூஸன். அவருடைய தகப்பனார் வண்டி செய்கிறவர். பட்டறையில் வளர்ந்த பெண். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களைத் தானே செய்து கொடுத்தவர். பாதிரியாருக்கோ ஆணி அடிக்கவும் வராது என்று சொல்வார்கள். சூஸன் 1889இல் க்ஷயரோகத்தில் இறந்தார். ஒரு பொம்மையைக் கடையில் வாங்கிவந்த தகப்பன் சரித்திரத்தில் ஏறிவிட்டார். ஆயுதங்களைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை, பொம்மையின் கதைக்கு வெளியே நின்றுவிட்டது. நம் ட்ரோன்காரர்களின் பதில்களிலும் அப்பா, மாமா, தாத்தா என்று ஆண்களாகத்தான் வருகிறார்கள். பட்டம் ஒட்டச் சோற்றுப்பசை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வாலுக்குக் கிழித்த பழம்புடவை யாருடையது என்றும் கேட்பதில்லை.

இவ்வளவும் சொல்லி, பால்ய நினைவு ஒரு சால்ஜாப்பு, கட்டத்தை நிரப்பும் காரியம் என்று முடித்துவிடலாம். கொஞ்ச காலம் நான் அப்படித்தான் பேசிவந்தேன். ஆனால் இந்த நினைவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒன்று கண்ணில் படும். அவற்றில் பறத்தல் மிகக் குறைவு. பட்டம் எவ்வளவு உயரம் போனது, என்ன நிறம், அறுந்ததா என்பதெல்லாம் மங்கலாக இருக்கும். பிசிறில்லாமல் இருப்பது பக்கத்தில் நின்ற ஆள். அவர் விரலில் நூல் அறுத்த கோடு. லுங்கியை மடித்துக் கட்டியிருந்த விதம். ‘இப்ப விடு’ என்று சொன்ன குரல்.

பட்டம் ஒருவர் விடுகிற சாமான் இல்லை. எதிர்க்காற்றில் நாற்பது ஐம்பது அடி தள்ளி ஒருவர் அதைத் தலைக்குமேல் பிடித்து நிற்கவேண்டும். மற்றவர் நூலைப் பிடித்திருக்கவேண்டும். காற்று வரும்போது அவர் விட, இவர் இழுக்கவேண்டும். தனியாக ஏற்றுகிற சமர்த்தர்கள் உண்டு, ஆனால் கற்றுக்கொள்ளும்போது ஏற்றிவிட ஓர் ஆள் இல்லாமல் யாரும் கற்றதில்லை. ஏற்றிவிடுகிறவருக்கு விளையாட்டில் பங்கு அந்த ஒரு க்ஷணம்தான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து நிற்பார். தகப்பன்மார் நின்ற இடம் அது. நம் மொழியும் இதை ஒருவிதமாகப் பிடித்துவைத்திருக்கிறது. விமானத்தை ஓட்டுகிறோம். பட்டத்தை விடுகிறோம். கையில் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியத்துக்கு ‘விடுவது’ என்று பேர்.

ட்ரோன் இந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது. நான்கு விசிறிகள், இரண்டு வலமாக, இரண்டு இடமாகச் சுழல்கின்றன. சாய்வையும் அசைவையும் அளக்கும் கருவிகளும் செயற்கைக்கோளிலிருந்து இடம் அறியும் ஏற்பாடும் உள்ளே இருக்கின்றன. விரலை எடுத்துவிட்டால் காற்று தள்ளினாலும் நின்ற இடத்தில் நிற்கும். பட்டத்தில் கையை எடுத்தால் பட்டம் போயிற்று. பாட்டரி தீருகிற நிலை வந்தால் ட்ரோன் தானாகவே கிளம்பின இடத்துக்குத் திரும்பி இறங்கும். அந்த வசதிக்கு ‘வீடு திரும்புதல்’ என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, சாமர்த்தியசாலி. ஏற்றிவிட ஆள் வேண்டாம். கண்ணை மூடும் திரைக்கண்ணாடி போட்டுக்கொண்டு ட்ரோனின் காமிராக் கண்ணாலேயே பார்த்துப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு ஒரு மடக்கு நாற்காலியில் கிடக்கும். அமெரிக்காவில் பொழுதுபோக்காக இப்படிப் பறக்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இரண்டாவது ஆளைச் சட்டமாவது ஞாபகம் வைத்திருக்கிறது.

எனவே என் அனுமானம் இது. அப்பா நினைவு ட்ரோனுக்குமுன் வரவில்லை, ட்ரோனோடு வருகிறது. யந்திரம் ஓர் இடத்தைக் காலி செய்துவிடுகிறது, நினைவு வந்து அந்த இடத்தில் நிற்கிறது. முதல் தடவை அது தானாக எழும்பி இருபதடி உயரத்தில் அசையாமல் நிற்கும்போது, மனிதன் தன்னையறியாமல் திரும்பி, எதிரே நாற்பது அடி தூரத்தில் யாரும் இல்லாததைப் பார்க்கிறான்.

டிஜேஐ என்ற சீனக் கம்பெனியை 2006இல் தொடங்கிய வாங் தாவோவின் கதை வாணிப உலகத்தில் பிரசித்தம். சிவப்பு ஹெலிகாப்டர் ஒன்றைப்பற்றிய சித்திரக்கதையைச் சிறுவயதில் படித்தாராம். பதினாறு வயதில் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதற்குப் பரிசாக ரேடியோவில் இயங்கும் ஹெலிகாப்டர் கிடைத்து, சீக்கிரத்தில் அதை உடைத்தும்விட்டாராம். அவர் பேட்டியில் சொன்னதில் என்னைப் பிடித்துநிறுத்தியது வேறொன்று. சிறுவனாக இருந்தபோது அவர் கற்பனை செய்தது, தன் பின்னாலேயே காமிராவோடு பறந்துவரும் ஒரு தேவதையை. பறக்கவேண்டும் என்ற ஆசையாகவே இது எனக்குப் படவில்லை. பார்க்கப்படவேண்டும், கூட ஒன்று வரவேண்டும் என்ற ஆசை.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ஃப்ராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் க்ரோன்பெர்க் என்ற ஊரில் யூலியஸ் நோய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர். அவர் தகப்பனாரும் மருந்துக்கடைக்காரர். தகப்பனார் காலத்தில் மருந்துச் சீட்டுகளைப் புறாக்கள் கொண்டுவந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1900ஐ ஒட்டிய வருஷங்களில், மகன் அந்தப் புறா வளர்ப்பை மறுபடி தொடங்கினார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வரும், அவசர மருந்து 75 கிராம்வரை புறாவின் மேல் போகும். ஒருநாள் பனிமூட்டத்தில் ஒரு புறா வழி தவறியது. நாலு வாரம் கழித்து நன்றாகத் தின்று கொழுத்துத் திரும்பி வந்தது. எங்கே இருந்தாய் என்று கேட்க வழியில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் புறாவின் மார்பில் கட்டுகிற, தானாகப் படம் எடுக்கும் குட்டிக் காமிரா பிறந்தது. பர்லின் காப்புரிமை அலுவலகம் இது நடக்காத காரியம் என்று முதலில் தள்ளிவிட்டது. படங்களைக் காட்டியபிறகு 1908 டிசம்பரில் கொடுத்தது. காணாமல்போன புறாவை வீஸ்பாடனில் ஒரு சமையல்காரர் வைத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தகப்பன் தொழில், தகப்பன் புறா, மகன் காமிரா என்று இதையும் வாரப் பத்திரிகைக் கதையாக எழுதிவிடலாம். ஆனால் நோய்ப்ரோனரிடம் தகப்பன் ஞாபகம் ஒரு வேலையாகத் தொடர்ந்தது. தினம் தீனி போடவேண்டும், கூண்டைக் கழுவவேண்டும், காணவில்லையென்றால் கவலைப்படவேண்டும். ஞாபகம் அவரிடம் ஏதோ கேட்டது. நம்மவர்களின் ஞாபகம் எதையும் கேட்பதில்லை, கொடுக்க மட்டும் செய்கிறது. புறாவின் காமிராவும் குற்றமற்றதாக இருந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதல் உலக யுத்தத்தில் ராணுவம் அதை வேவுக்குச் சோதித்துப் பார்த்தது.

குற்றமின்மை என்ற பேச்சுக்கு வந்துவிட்டோம். அப்பா நினைவு செய்கிற இன்னொரு வேலை, கையில் இருக்கிற யந்திரத்தைக் குழந்தையாக்குவது. பட்டம் விட்டவன்தானே, இதுவும் ஒரு பட்டம் என்ற தொனி. பட்டத்துக்குக் கண் கிடையாது. மேலே போன பட்டத்திலிருந்து எதிர்வீட்டு முற்றம் தெரியாது. கல்யாண வீடுகளில் ஹெலிகேம் என்று சொல்லப்படும் சாதனம் தெருவிலுள்ள பத்துக் கொல்லைப்புறங்களைத் தாண்டித்தான் மண்டபத்து வாசலுக்கு வருகிறது. இந்தியாவின் 2021 விதிகளின்படி 250 கிராம்வரை உள்ளது நானோ ரகம், ஓட்டச் சான்றிதழ் வேண்டாம். கடையில் 249 கிராமில் கிடைக்கிறது. சட்டத்தைத் தராசில் வைத்துச் செய்த எடை. குழந்தைச் சாமான் என்று சொல்வதற்கும் அந்த ஒரு கிராம்தான் சாட்சி. உக்ரேன் யுத்தத்தில் இரு தரப்பும் கடைச்சரக்கு ட்ரோன்களை வேவு பார்க்கவும் குண்டு போடவும் எடுத்துக்கொண்டபோது, 2022 ஏப்ரலில் டிஜேஐ இரண்டு நாடுகளிலும் தன் வியாபாரத்தை நிறுத்திவைத்தது. தேவதை அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

பால்யம் அவ்வளவு குற்றமற்றதா என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி. தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? கல்லைத் தூக்கச் சொல்லி அதன் கால்களில் வைப்போம். நூல் கட்டிய உயிர், கைக்கு எட்டும் தூரத்தில் அது படும் பாடு, நமக்கு அது தந்த அதிகாரம். உண்மையைச் சொன்னால் இன்றைய ட்ரோனுக்குப் பட்டத்தைவிடத் தட்டான்தான் பொருத்தமான முன்னோடி. ஒருவராவது பேட்டியில் தட்டானைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, ஞாபகங்களில் ஒன்றைப் பொறுக்கிக் காரணம் என்று நியமிக்கிறோம். நியமிக்கிறோம் என்பதாலேயே அது பொய்யாகிவிடுமா என்பதுதான் இப்போது என் கேள்வி. ரைட் சகோதரர்கள் தகப்பனை நியமித்தார்கள், சரி. பிறகு அவருக்குக் கட்டுப்பட்டும் இருந்தார்கள். இருவரும் ஒரே விமானத்தில் ஏறுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் செத்தால் மற்றவர் தொடர இருக்கவேண்டும். 1910 மே 25ஆம் தேதி மட்டும் தகப்பனார் அனுமதித்தார், ஆறு நிமிஷம் சேர்ந்து பறந்தார்கள். அன்றே ஆர்வில் தகப்பனாரையும் ஏற்றிக்கொண்டு சுமார் 350 அடி உயரத்தில் பறந்தார். கிழவருக்கு வயது 81. இன்னும் மேலே போ என்று மகனிடம் சொன்னாராம். அவ்வளவு வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றியவர்கள் பொம்மைக் கதையை 1908இல் எழுதியிருந்தால் என்ன, 1878இலேயே எழுதியிருந்தால் என்ன? காரணமாகச் சொன்ன ஆளுக்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக நடந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் நினைவு வருவது கிளிநொச்சிப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் இளைஞர். கவிதை எழுதுகிறவர், ஒரு கூட்டத்துக்காகச் சென்னை வந்திருந்தார். ட்ரோன் ஓட்டுவது அவர் பிழைப்பு. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வழக்கமான பதில் வந்தது: தகப்பன் கட்டிய பட்டம்.

தகப்பன் வடமராட்சிக்காரர். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பட்டத் திருவிழா நடக்கிற பிரதேசம் அது. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம் என்று பட்டத்திலேயே இத்தனை ஜாதி. தலையில் ‘விண்’ பூட்டுவார்கள், வில்லில் இழுத்துக் கட்டிய நாடா. காற்றில் அது அதிர்ந்து கூவும். பட்டத்தைப் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால் இரவு முழுக்க மேலே கூவிக்கொண்டிருக்கும் என்றார். இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த பிறகும் தகப்பன் விண் பூட்டித் தந்திருக்கிறார்.

பிறகு 2008, 2009. அப்போது இவருக்குப் பத்து வயது இருக்கும். வன்னியில் ஆளில்லாத வேவு விமானத்துக்கு ஜனங்கள் வைத்த பேர் ‘வண்டு’. ட்ரோன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஆண் தேனீ என்று அர்த்தம், 1935இல் பிரிட்டிஷ்காரர்கள் செய்த ரேடியோ விமானத்துக்கு ‘ராணித் தேனீ’ என்று பெயர் என்பதெல்லாம் பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காது ஒன்றுபோலக் கேட்டிருக்கிறது. “வண்டு வந்தாச் சத்தம் மட்டும்தான். ஆர் ஓட்டுறாங்கள், எங்கையிருந்து பாக்கிறாங்கள், ஒண்டும் தெரியாது. அது சுத்திப் போட்டுப் போனால் பிறகு ஷெல் வரும்” என்றார்.

ஆகவே அவர் ஆகாயத்தில் இரண்டு ரீங்காரங்கள் இருந்தன. இரண்டுமே பால்ய ஞாபகம். விண் ஒன்று, வண்டு ஒன்று. எது ‘நிஜமான’ காரணம் என்று ஒரு மனோதத்துவக்காரர் கேட்டால், பயத்தை வெல்லப் பயந்த பொருளையே கையில் எடுத்தார் என்று இரண்டாவதைக் காட்டுவார். அதுவும் ஒரு கட்டத்தை நிரப்புவதுதான். இவர் முதலாவதைச் சொல்கிறார். மறைக்கிறாரா என்று கேட்டேன். மறைத்திருந்தால் உங்களிடம் வண்டுபற்றிச் சொல்லியிருக்கமாட்டேன் என்றார்.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. கல்யாண வீட்டுக்குப் போனதும் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறார். கிழவர்கள், கிழவிகள், குழந்தைகள் இருக்கும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டுகிறார். இதுதான் மேலே போகும், இப்படித்தான் சத்தம் போடும், நான் அந்த வேப்பமரத்தடியில் நின்றுதான் விடுவேன் என்று சொல்கிறார். முதல் தடவை எழும்பும்போது ஒரு பையனைக் கூப்பிட்டு நாற்பதடி தள்ளி நிறுத்திக்கொள்கிறார். யந்திரத்துக்கு அந்தப் பையன் தேவையில்லை. “முதல்ல என்னைப் பாக்கட்டும். பிறகு அதைப் பாக்கட்டும்” என்பது அவர் சொன்ன விளக்கம்.

இதில் அரை மணி நேரம் போகிறது, ஸ்டூடியோ முதலாளி சத்தம் போடுகிறார். ஒரு வீட்டில் ஒரு கிழவி ட்ரோனைத் தடவிப் பார்த்து, விசிறிகளை ஒன்று, இரண்டு என்று நாலுவரை எண்ணிவிட்டு, “சரி, விடு தம்பி. கிணத்தடிப் பக்கம் மட்டும் விடாதை” என்றாளாம். அந்தப் பக்கம் விடவில்லை என்றார்.